வங்கித் தணிக்கையில் வல்லுநர் முறைமை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வங்கிக் கிளைகளில் பரிவர்த்தனைகள் நடக்க நடக்கவே செய்யப்படும் உடன்நிகழ் தணிக்கையைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, அனுபவம் முதிர்ந்த தணிக்கையாளரின் அறிவை விதிகளாக எழுதிக் கணினியில் ஏற்றிவைக்கும் ‘வல்லுநர் முறைமை’யைப் பற்றி இரண்டு வரி குறிப்பிட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த இரண்டு வரிகளைப் பற்றியே கேட்கின்றன. வங்கியின் ஆய்வுத் துறையில் பல ஆண்டுகள் கிளை கிளையாகச் சென்று ஏடுகளைப் புரட்டியவன் என்பதால் எனக்கு மிகவும் நெருக்கமான பொருள் இது. ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: வல்லுநர் முறைமை சாதாரண வங்கி மென்பொருளிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது? இப்போது எல்லோரும் பேசும் செயற்கை நுண்ணறிவும் இதுவும் ஒன்றா? (வணிகவியல் மாணவி, சேலம்)

பதில்: வட்டி கணக்கிடும் மென்பொருளில் செய்ய வேண்டிய கணக்கு முன்கூட்டியே வரிசையாக எழுதப்பட்டிருக்கும். வல்லுநர் முறைமையில் அறிவு தனியாகவும், அந்த அறிவைக் கொண்டு முடிவு காணும் பகுதி தனியாகவும் இருக்கும். அறிவு என்பது இங்கே ‘இன்னின்ன நிலை இருந்தால் இன்ன முடிவு’ என்ற வடிவில் எழுதிய விதிகளின் தொகுப்பு. சட்டம் மாறினால் உரிய விதியை மட்டும் திருத்தினால் போதும்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 2002ஆம் ஆண்டின் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வகுத்த விதிகளின்படி, 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கப் பரிவர்த்தனைகளையும், தனித்தனியே அதற்குக் குறைவாக இருந்தாலும் ஒன்றோடொன்று தொடர்புடையனவாய் ஒரே மாதத்தில் கூட்டுத்தொகை 10 லட்சத்தைத் தாண்டுபவற்றையும், வங்கிகள் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும். இதில் முதல் பாதியை எந்த மென்பொருளும் பிடித்துவிடும். ‘ஒன்றோடொன்று தொடர்புடையவை’ என்ற சொற்களில்தான் தணிக்கையாளரின் அறிவு தேவைப்படுகிறது. திங்களன்று ஒரு கிளையில் 4 லட்சம், புதனன்று வேறொரு கிளையில் 4 லட்சம், வெள்ளியன்று மனைவியின் கணக்கில் 4 லட்சம் என்று கட்டப்பட்டு, மூன்றும் மறுநாளே ஒரே மூன்றாம் நபரின் கணக்குக்குப் போய்ச் சேர்ந்தால், அனுபவசாலிக்கு அது ஒரே பணம் என்று விளங்கிவிடும். கிளை வேறு, கணக்கு வேறு, ஆனால் போய்ச்சேரும் இடம் ஒன்று என்று அவர் கண்டுகொண்ட அந்த அடையாளத்தை எழுதிவைத்தால் அது விதியாகிறது.

1970களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் குருதித் தொற்றுகளைக் கண்டறிய உருவாக்கப்பட்ட மைசின் என்ற முறைமையிடம், ‘இதை ஏன் கேட்கிறாய், இந்த முடிவுக்கு எப்படி வந்தாய்’ என்று மருத்துவர் வினவினால், அது தான் பயன்படுத்திய விதிகளை எடுத்துக் காட்டும். தணிக்கைக்கு உயிரானது இந்தக் குணமே. அமெரிக்க நிதித்துறையில் நிதிக் குற்றங்களைக் கண்காணிக்கும் ஃபின்சென் அமைப்பு, 10,000 டாலருக்கு மேற்பட்ட ரொக்கப் பரிவர்த்தனை அறிக்கைகள் மலைபோல் குவிந்ததால், அவற்றை ஆள்வாரியாகவும் கணக்குவாரியாகவும் இணைத்து விதிகளைக் கொண்டு மதிப்பிடும் ஒரு முறைமையை 1993 முதலே பயன்படுத்தியது. அங்கேயும் முறைமை சந்தேகத்தைச் சுட்டிக்காட்டும்; அதன்பின் விசாரித்துப் பார்ப்பது மனிதர்தாம்.

இயந்திரக் கற்றல் என்று இன்று சொல்லப்படுவது பழைய தரவுகளிலிருந்து தானே சாயல்களைக் கற்றுக்கொள்வது. பிறர் பணத்தைக் கடத்திவிடுவதற்காக வாடகைக்கு விடப்படும் கணக்குகளைக் கண்டறிய ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் உருவாக்கி, 2024 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட ‘மியூல்ஹன்டர்’ அவ்வகையைச் சேர்ந்தது. யாரும் எழுதி வைக்காத புதிய தந்திரத்தைப் பிடிப்பதில் அவ்வகை முறைமைகள் வலுவானவை. ஆனால் தணிக்கை ஆட்சேபணையை ‘இந்தச் சுற்றறிக்கையின் இந்தப் பத்திக்கு இது முரண்’ என்று எழுத வேண்டும்; அந்தக் காரணத்தைத் தருவதில் விதிகளால் ஆன முறைமையே முன்னிற்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துக்கொள்வதே சரி என்பது என் கருத்து.

கேள்வி: சந்தேகப் பரிவர்த்தனைகளைச் சுட்டும் முறைமையிலிருந்து எங்கள் கிளைக்குத் தினமும் ஏராளமான எச்சரிக்கைகள் வருகின்றன. பெரும்பாலானவை பொருளற்றவை. வரம்புத் தொகையை உயர்த்தச் சொல்லிக் கேட்கலாமா? (வங்கி அலுவலர், கும்பகோணம்)

பதில்: தங்கள் சலிப்பு எனக்கு நன்றாகப் புரிகிறது. ஆனால் வரம்பை உயர்த்தச் சொல்லாதீர்கள். சட்டத்தின் வரம்பை அறிந்தவர்கள் அதற்குக் கீழேதான் பணத்தைக் கட்டுவார்கள். எண்ணிக்கையைக் குறைப்பதற்காக முறைமையின் வரம்பை மேலே ஏற்றினால், முதலில் மறைந்துபோவது நாம் தேடுகிறவர்களே. மேலும், சந்தேகத்துக்குரிய பரிவர்த்தனை என்று அறிக்கை அனுப்புவதற்குத் தொகை வரம்பே கிடையாது. முயன்று நிறைவேறாமல் போன பரிவர்த்தனையும் அதில் அடங்கும்.

கோளாறு பெரும்பாலும் விதி ஒற்றைக் காலில் நிற்பதில் இருக்கிறது. ஈரோட்டு ஜவுளி வியாபாரி ஒருவர் வாரச் சந்தை முடிந்த மறுநாள் கட்டுக் கட்டாக ரொக்கம் கொண்டுவந்து செலுத்துவது அவருடைய தொழிலின் இயல்பு. ‘பெருந்தொகை ரொக்கம்’ என்று மட்டும் எழுதிய விதி அவரை வாரந்தோறும் குற்றவாளிபோல் நிறுத்தும். ‘பெருந்தொகை ரொக்கம், கணக்கு தொடங்கும்போது அறிவித்த தொழிலுக்கும் ஆண்டு வருமானத்துக்கும் பொருந்தவில்லை, 2 நாளுக்குள் வெளியேறிவிட்டது’ என்று மூன்று நிபந்தனைகளைச் சேர்த்து எழுதினால், அவரை விட்டுவிட்டு, அதே ஊரில் சம்பளக் கணக்கு வைத்துக்கொண்டு அதே அளவு ரொக்கம் கட்டுகிறவரைப் பிடிக்கும். தங்கள் பகுதியின் தொழில், அறுவடைக் காலம், திருவிழா, சந்தை நாள் ஆகியவை தலைமையகத்தில் விதி எழுதுகிறவருக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவர் தாங்களே. இத்தனை எச்சரிக்கைகளில் இத்தனை இந்தக் காரணத்தால் பொருந்தவில்லை என்று ஒரு மாதத்துக்குப் பட்டியலிட்டு எழுத்தில் அனுப்புங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒருமுறை ஒரு கிளையில் எச்சரிக்கைகளை முடித்துவைத்த பதிவைப் பார்த்தேன். ஒரு பிற்பகலில் முடிக்கப்பட்ட அத்தனையிலும் ‘வாடிக்கையாளர் நமக்குத் தெரிந்தவர்’ என்ற ஒரே வாக்கியம் ஒட்டப்பட்டிருந்தது. அவற்றுள் ஒன்று உண்மையிலேயே விசாரிக்கப்பட வேண்டிய கணக்கு. முறைமை தன் கடமையைச் செய்திருந்தது. படிக்க வேண்டியவர் படிக்கவில்லை. அதன்பின், எச்சரிக்கைகளை முடித்துவைக்கும் முறையையே கண்காணிக்க ஒரு விதி வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். ஒரே அலுவலர், மிகக் குறைந்த நேர இடைவெளியில், ஒரே சொற்களால் பல எச்சரிக்கைகளை முடித்தால், அதுவே மேலிடத்துக்கு எச்சரிக்கையாகப் போக வேண்டும்.

கேள்வி: நகைக்கடன் மிகுந்த கிளைகளைத் தணிக்கை செய்கிறேன். இத்துறைக்கு எவ்வகை விதிகளை எழுதலாம்? (பட்டயக் கணக்காளர், மதுரை)

பதில்: நம் பகுதிக்கு இதைவிடப் பொருத்தமான கேள்வி இல்லை. நகைக்கடன் வழங்குவதில் பல நிறுவனங்களில் கண்ட குறைபாடுகளை ரிசர்வ் வங்கி 2024 செப்டம்பர் 30 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையில் எடுத்துரைத்தது. வாடிக்கையாளர் உடன் இல்லாமலே நகையை மதிப்பிடுவது, நகை மதிப்பில் எத்தனை விழுக்காடு கடன் என்ற விகிதத்தைச் சரிவரக் கண்காணிக்காதது ஆகியவை அவற்றுள் அடங்கும். 2025 ஜூனில் புதிய வழிகாட்டு நெறிகள் வந்தன. நுகர்வுத் தேவைக்கான நகைக்கடனில் 2.5 லட்சம் ரூபாய் வரை நகை மதிப்பில் 85 விழுக்காடும், அதற்கு மேல் 5 லட்சம் வரை 80 விழுக்காடும், அதற்கும் மேல் 75 விழுக்காடும் வழங்கலாம். அசலையும் வட்டியையும் தவணை முடிவில் ஒரே தொகையாகக் கட்டும் கடனாக இருந்தால், அன்று திருப்பிச் செலுத்த வேண்டிய முழுத் தொகையைக் கொண்டே இந்த விகிதத்தைக் கணக்கிட வேண்டும். நகையின் விலைக்கு, முந்தைய 30 நாள்களின் சராசரி இறுதி விலை, முந்தைய நாளின் இறுதி விலை ஆகிய இரண்டில் குறைவானதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

இவற்றை விதியாக எழுதுவது எளிது. கவனம் வேண்டியது தேதியில். நிறுவனங்கள் இந்நெறிகளை நடைமுறைப்படுத்த 2026 ஏப்ரல் 1 கெடுவாக வைக்கப்பட்டது. அவ்வாறு ஏற்கும் நாளுக்கு முன் வழங்கிய கடன்களுக்குப் பழைய நெறிகளே பொருந்தும். ஆகையால் ஒவ்வொரு விதியும் ‘இந்நாளிலிருந்து இந்நாள் வரை செல்லும்’ என்ற குறிப்புடனும், எந்தச் சுற்றறிக்கையின் எந்தப் பத்தியிலிருந்து வந்தது என்ற குறிப்புடனும் இருக்க வேண்டும். புதிய விதியை எழுதிவிட்டுப் பழையதை அழித்துவிட்டால், சென்ற ஆண்டுக் கடனுக்கு இந்த ஆண்டுச் சட்டத்தால் ஆட்சேபணை எழும்பி, அறிக்கை முழுவதின் நம்பகத்தன்மையும் கெடும்.

இனி, சுற்றறிக்கையில் இல்லாத, கிளைக்குக் கிளை அலைந்து கற்ற விதிகளுக்கு வருகிறேன். நான் பயிற்சி பெற்ற மூத்த ஆய்வாளர் நகைக்கடன் ஏட்டைத் திறந்ததும் மொத்த எடைக் கட்டத்தையும் நிகர எடைக் கட்டத்தையும் மட்டும் விரலால் தடவிக்கொண்டே போவார். கல், அரக்கு, மெழுகு ஆகியவற்றைக் கழித்தபின் வருவது நிகர எடை. நகைக்கு நகை அது மாறும். பக்கம் பக்கமாக இரண்டு எடைகளும் ஒன்றாகவே இருந்தால், மதிப்பீட்டாளர் நகையைப் பார்க்காமலே எழுதியிருக்கிறார் என்று அவர் சொல்வார். ‘ஒரே மதிப்பீட்டாளரின் தொடர்ச்சியான கடன்களில் கழிவே இல்லையானால் எச்சரி’ என்பது அவர் விரலிலிருந்து எடுத்த விதி.

பழைய கடன் அடைக்கப்பட்ட அன்றே, அதே எடையில், அதே ஆள், கூடுதல் தொகைக்குப் புதிய கடன் பெற்றிருந்தால், அடைப்பதற்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். அது வாடிக்கையாளரின் கையிலிருந்து வராமல் கிளையின் அனாமத்துக் கணக்கிலிருந்து (இன்னதென்று தீராத தொகைகளைத் தற்காலிகமாக வைக்கும் கணக்கு) வந்திருந்தால், வாராக்கடனாகியிருக்க வேண்டிய கடன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறது என்று பொருள். பல பெயர்களில் உள்ள கடன்களுக்கு ஒரே கைப்பேசி எண் தரப்பட்டிருப்பது, கடன் தொகை அன்றே ஒரே கணக்குக்கு மாற்றப்படுவது, தொகைகள் மேலாளரின் அனுமதி வரம்புக்குச் சில நூறு ரூபாய் கீழே வந்து நிற்பது ஆகியவை ஒவ்வொன்றும் தனியே பெரிதில்லை; ஒரே கடனில் இரண்டு சேர்ந்தால் அன்றே நகையைச் சோதிக்க வேண்டும்.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. எடையும், ‘மாற்று’ எனப்படும் தங்கத்தின் தூய்மையும் கணினிக்கு எண்கள்தாம். பொட்டலத்துக்குள் இருப்பது தங்கமா, முலாம் பூசிய செம்பா என்பதை உரைகல்தான் சொல்லும். முறைமை ஆயிரம் பொட்டலங்களில் எந்த இருபதை முதலில் திறக்க வேண்டும் என்று சொல்வதே அதன் பெரும் பயன். திறக்காமல் விட்டுவிட்டு ‘எச்சரிக்கை இல்லை’ என்று எழுதுவது தணிக்கையாகாது.

கேள்வி: மும்பையில் பஞ்சாப் நேஷனல் வங்கியில் நடந்து 2018இல் வெளிப்பட்ட பெரும் மோசடியை இத்தகைய முறைமை தடுத்திருக்குமா? (ஓய்வு பெற்ற ஆசிரியர், தூத்துக்குடி)

பதில்: அன்றிருந்த நிலையில் தடுத்திருக்காது, அதற்கான காரணம் நாம் அனைவரும் மனத்தில் கொள்ள வேண்டியது. 2018 பிப்ரவரியில் வெளிப்பட்ட அம்மோசடியில், சுமார் 11,400 கோடி ரூபாய் என்று முதலில் சொல்லப்பட்ட தொகைக்கான உறுதிமொழிக் கடிதங்கள் (வாடிக்கையாளர் கட்டாவிட்டால் நாங்கள் கட்டுவோம் என்று வங்கி தரும் பொறுப்பு), பிற வங்கிகளின் வெளிநாட்டுக் கிளைகளுக்கு, வங்கிகளுக்கிடையே செய்தி அனுப்பும் பன்னாட்டு அமைப்பான ‘ஸ்விஃப்ட்’ வழியாக அனுப்பப்பட்டன. அந்தச் செய்தியமைப்பு வங்கியின் மையக் கணக்கு மென்பொருளுடன் இணைக்கப்படவில்லை. ஆகவே பொறுப்பு வெளியே பிறந்தது. கணக்கில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. கணக்கில் இல்லாததைக் கணக்கின்மீது இயங்கும் எந்த விதியும் காணாது.

அதன்பின் ரிசர்வ் வங்கி அவ்வகை உறுதிமொழிக் கடிதங்களையே 2018 மார்ச் 13 அன்று நிறுத்தியது. ஸ்விஃப்டை மைய மென்பொருளுடன் இணைக்கவும் வங்கிகளைக் கட்டாயப்படுத்தியது. இணைத்தபின் எழுத வேண்டிய விதி மிக எளியது: வெளியே சென்ற ஒவ்வொரு செய்திக்கும் உள்ளே ஒரு பொறுப்புப் பதிவு இருக்க வேண்டும். வல்லுநர் முறைமை வாங்க நினைக்கும் எந்த வங்கியும், எத்தனை விதிகள் உள்ளன என்று கேட்பதற்கு முன், நம் வங்கியில் எந்தெந்தப் பதிவு இன்னும் தனி ஏட்டிலோ தனிக் கணினியிலோ கிடக்கிறது என்று பட்டியல் எடுக்க வேண்டும்.

அந்த நிகழ்வில் தொடர்புடைய அலுவலர் ஒரே இருக்கையில் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்திருந்தார் என்பதும் வெளிவந்தது. முன் சொன்ன மூத்த ஆய்வாளர் எந்தக் கிளைக்குச் சென்றாலும் கடன் ஏட்டுக்கு முன்பு விடுப்பு ஏட்டைத்தான் கேட்பார். விடுப்பே எடுக்காத ஊழியரைப் பாராட்டுவதற்கு முன் அவர் இருக்கையைப் பார் என்பார். முக்கியப் பொறுப்புகளில் உள்ளோரை, முன்னறிவிப்பின்றி, ஆண்டுக்கு ஒருமுறை தொடர்ச்சியாகக் குறைந்தது 10 வேலை நாள்கள் கட்டாய விடுப்பில் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் 2021 ஜூலை நெறி சொல்கிறது. பயனர் பதிவுகளையும் விடுப்புப் பதிவுகளையும் ஒப்பிட்டு இதைச் சரிபார்க்கும் விதியை ஒரே நாளில் எழுதிவிடலாம். விடுப்பில் இருப்பதாகச் சொல்லப்படுகிறவரின் கடவுச்சொல் அந்நாள்களில் பயன்பட்டிருக்கிறதா என்பதையும் அதே விதி பார்க்கட்டும்.

கேள்வி: வாராக்கடன் வகைப்பாட்டைக் கணினியே செய்துவிடுகிறதே, தணிக்கையாளருக்கு இனி என்ன வேலை? (வங்கித் தேர்வுக்குப் படிப்பவர், திருநெல்வேலி)

பதில்: 90 நாள்களுக்கு மேல் தவணை நிலுவையில் இருந்தால் கடன் வாராக்கடனாகிறது என்பது போன்ற வகைப்பாட்டை மனிதத் தலையீடு இன்றி நாள் முடிவில் கணினியே செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020 செப்டம்பரில் பணித்தது, 2021 ஜூன் 30 அதற்குக் கெடு. விதிவிலக்காக யாராவது கையால் மாற்றினால், குறைந்தது இரண்டு நிலை அனுமதியும் அதற்கான தடயமும் இருக்க வேண்டும். தணிக்கையாளர் அதைப் பார்க்க வேண்டும். எனவே தணிக்கையாளரின் கண் இப்போது அந்த மாற்றங்களின் மீதும், கணினிக்குத் தரப்பட்ட தவணைத் தேதி சரியா என்பதன் மீதும் இருக்க வேண்டும். பயிர்க்கடனின் அறுவடைப் பருவம் தவறாகப் பதிவாகியிருந்தால் கணினி பிழையின்றிக் கணக்கிட்டும் முடிவு பிழையாகவே வரும்.

கேள்வி: எங்கள் சிறு தொழிற்சாலையின் கடன் கணக்கில் ‘கணினி சிவப்புக் குறி காட்டிவிட்டது’ என்று வங்கி சொல்கிறது. காரணம் கேட்டால் பதில் இல்லை. எங்களுக்கு உரிமை ஏதும் இல்லையா? (தொழில்முனைவோர், கோயம்புத்தூர்)

பதில்: உண்டு. முன்னெச்சரிக்கைக் குறி என்பது விசாரணையின் தொடக்கம்; அதுவே தீர்ப்பன்று. ஒரு கணக்கை மோசடி என்று வகைப்படுத்துவதற்கு முன் கடனாளியின் தரப்பைக் கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 மார்ச் 27 அன்று பாரத ஸ்டேட் வங்கி தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்தது. அதற்கேற்ப ரிசர்வ் வங்கி 2024 ஜூலை 15 அன்று வெளியிட்ட நெறிகளில், விவரங்களுடன் விளக்கம் கேட்கும் அறிவிப்பு, பதிலளிக்கக் குறைந்தது 21 நாள்கள், காரணங்களைக் கூறும் ஆணை ஆகியவை கட்டாயமாக்கப்பட்டுள்ளன. மோசடி என்று வகைப்படுத்த முற்பட்டால் இவற்றை எழுத்தில் கேளுங்கள்.

‘கணினி சொன்னது’ என்பது ஆணையில் எழுதத்தக்க காரணமன்று என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. எந்த விதி, எந்தப் பரிவர்த்தனை, எந்த நாள் என்று முறைமையால் சொல்ல முடியும். அதைப் படித்து, சரிபார்த்து, தன் பெயரில் எழுதிக் கையொப்பமிட ஓர் அலுவலர் வேண்டும். ஒரு விலக்கையும் சொல்லிவிட வேண்டும்: நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குச் சந்தேகப் பரிவர்த்தனை அறிக்கை அனுப்பியிருந்தால், அதை வாடிக்கையாளருக்குத் தெரிவிப்பதைச் சட்டம் தடுக்கிறது. அந்த மௌனத்தை வங்கியின் அலட்சியமாக எண்ண வேண்டாம்.

கேள்வி: எங்களுடையது சிறிய நகரக் கூட்டுறவு வங்கி. விலை உயர்ந்த மென்பொருள் வாங்க வசதியில்லை. எங்களால் ஏதாவது செய்ய முடியுமா? (வங்கிப் பணியாளர், விருதுநகர்)

பதில்: முடியும்; சொல்லப்போனால் சிறிய வங்கிக்கு இது எளிது. மென்பொருளுக்கு முன் விதிகள் வேண்டும், அவற்றைக் காகிதத்திலேயே எழுதலாம். தங்கள் வங்கியில் இதுவரை நடந்த தவறுகளின் பழைய ஆய்வறிக்கைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் எந்த அடையாளத்தைக் கண்டிருந்தால் முன்பே பிடிபட்டிருக்கும் என்று எழுதுங்கள். பத்துப் பன்னிரண்டு விதிகள் தேறும். அனாமத்துக் கணக்கில் 30 நாளுக்கு மேல் தீர்க்கப்படாத பதிவு, இறந்தவர் கணக்கிலோ நெடுநாள் இயங்காத கணக்கிலோ திடீரென எழும் பற்று, ஊழியரின் குடும்பத்தார் கணக்குக்கு வங்கியின் சொந்த உள்கணக்கிலிருந்து செல்லும் வரவு என்று தொடங்கலாம். மையக் கணக்கு மென்பொருளிலிருந்து தினசரி பெறும் பட்டியலை விரிதாளில் இட்டு இவற்றைச் சோதிக்க, கணக்கு அறிந்த ஓர் இளைஞர் போதும். பழைய ஆண்டின் தரவில் ஓட்டிப் பாருங்கள். தெரிந்த தவறுகளைப் பிடிக்காத விதியைத் திருத்துங்கள்.

தங்கள் வங்கியில் விரைவில் ஓய்வு பெறவிருக்கும் ஆய்வாளர் யாரேனும் இருந்தால், அந்த இளைஞரைப் பத்து நாள் அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். ‘பார்த்தவுடன் தெரிந்தது’ என்று அவர் சொல்லும் ஒவ்வொரு முறையும், ‘எதைப் பார்த்தீர்கள் ஐயா?’ என்று கேட்டு எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.